கல்லில் எழுதிய ஐந்தொகை

வணிகவியல் மாணவர்க்கு இன்று 'கணக்கியல் தகவல் முறைமை' ஒரு பாடம். கணிப்பொறியில் ஒரு பதிவு எவ்வாறு பேரேட்டுக்குப் போகிறது, பேரேட்டிலிருந்து ஐந்தொகை எவ்வாறு பிறக்கிறது, பதிந்ததை எவரேனும் பின்னர் திருத்தினால் அதனை எவ்வாறு கண்டறிவது என்பனவெல்லாம் அதில் அடக்கம். 2023 ஏப்ரல் 1 முதல், இந்திய நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் அது நிகழ்ந்த நாளோடு தானே பதிந்து வைத்தல் வேண்டும். அவ்வசதியை நிறுத்தி வைக்கவும் இயலாதிருத்தல் வேண்டும் என்பது விதி. தஞ்சையில் வாழும் நமக்கு இந்த விதி முற்றிலும் புதிதன்று.

பெரிய கோயில் விமானத்தின் அதிட்டானத்தைச் சுற்றி வருவோமாயின், நாம் படிப்பதில் பெரும்பகுதி கணக்கே. முதலாம் இராசராசன் தானும், தன் தமக்கை குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு தன் 26ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பொன் நகைகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறுக்கப்பட்டன. நிறுத்த கல்லுக்கும் 'ஆடவல்லான்' என்று பெயர் உண்டு. மணிகளின் எண்ணிக்கையோடு அவற்றின் குறைகளும், கோத்த சரடு, அரக்கு முதலியன எடையில் சேர்ந்தனவா என்பதும் குறிக்கப்பட்டன. நெல்லளந்த மரக்காலும் பெயர் சுட்டியே சொல்லப்படுகிறது. எந்த அளவையால் அளந்தது என்று சொல்லாத எண், எண்ணாகாது என்பதை அக்கணக்கர் அறிந்திருந்தனர்.

முதலீட்டுக்கும் இவ்வாறே. கோயிற் பணம் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகச் சென்றது. பொலிசை, காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எந்த ஊர் எவ்வளவு பெற்றது, அதன் பொலிசை எந்தச் செலவுக்கு என்பன கல்லிலேயே உள்ளன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் ஆளுக்கு ஒரு பங்கு, பங்கொன்றுக்கு நூறு கலம் நெல். தெரு, சிறகு, வீட்டு வரிசை ஆகியவற்றோடு ஒவ்வொருவர் பெயரும் இருப்பதால், பெயரளவில் ஆளைச் சேர்த்து நெல்லை எடுத்துக்கொள்வது எளிதன்று.

நிலத்தை அளந்த நுட்பமோ இன்னும் வியப்பூட்டுவது. வேலியை மா, காணி, முந்திரி எனப் பகுத்து, அதற்கும் கீழே கீழ்முந்திரி வரை இறங்கி, வேலியில் ஏறத்தாழ 5,242 கோடியில் ஒரு பங்கு வரை எழுதியிருக்கிறார்கள். அத்துணைச் சிறிய நிலத்தை எந்தக் கோலாலும் அளக்க முடியாது. கூட்டலும் கழித்தலும் மிச்சமின்றிப் பொருந்த வேண்டும் என்ற கணக்கரின் பிடிவாதமே அவ்வெண்.

நாம் ஒன்றை மறத்தல் ஆகாது. அன்றாடக் கணக்கு ஓலையில் எழுதப்பட்டது. கல்லில் ஏறியது அதன் முடிவு மட்டுமே. இன்றைய சொல்லிற் கூறினால், ஓலை பேரேடு, கல் வெளியிடப்பட்ட அறிக்கை. ஓலை அழிந்தது, கல் நின்றது. ஆகவே அந்த நெல்லை விளைவித்த உழவன் எவ்வளவு கொடுத்து எவ்வளவு மிச்சம் கண்டான் என்பதை இச்சுவர் சொல்லாது. எக்கணக்கும் எழுதுவித்தவன் பார்வையிலிருந்தே எழுதப்படுகிறது.

கணக்கர்க்கும் கட்டுப்பாடு இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கின. கணக்கன் தான் எழுதிய கணக்கைத் தானே காட்டவேண்டும்; நேர்மையானவன் என்று தேறிய பின்னரே மீண்டும் அப்பணிக்கு வரலாம். எழுதுபவனும் தணிக்கை செய்பவனும் வேறு வேறானவர் என்னும் கொள்கை அதிலேயே உள்ளது.

ஊர்க்கணக்கு நெடுங்காலம் பரம்பரைக் கர்ணத்தின் கையில் இருந்தது. 1980இல் தமிழக அரசு அப்பரம்பரை முறையை நீக்கியது. அதன்பின் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இன்று சிட்டாவும் அடங்கலும் கணிப்பொறியில் உள்ளன. நெல் கொள்முதல் நிலையத்தில் டெல்டா உழவனிடம் கேட்கப்படுவதும் அவையே. அப்பதிவில் ஓர் எண் பிறழ்ந்தால் அவன் மூட்டை களத்திலேயே கிடக்கும், மழை காத்திராது.

எனவே, கணிப்பொறிக் கணக்கைப் பயிலும் நம் மாணவர், அது எவ்வளவு விரைவானது என்பதோடு மூன்று வினாக்களையும் கேட்கப் பழகுதல் நன்று: எந்த அளவையால் அளந்தது? திருத்தியவர் யார்? கணக்கில் பெயர் உள்ளவர் அதனைப் படித்துப் பார்க்க முடியுமா? முதல் இரண்டுக்கும் மென்பொருள் விடை வைத்திருக்கிறது. மூன்றாவதற்கு விடை வைக்கவேண்டியவர் நாமே.