சர்வதேசக் கடலாராய்ச்சிச் சபை

வட ஐரோப்பியக் கடல்களில் மீன் ஓராண்டு பெருகுவதும் மற்றோராண்டு அருகுவதும் எதனால் என்னும் வினாவுக்கு, எந்தத் தேசமும் தன் கரையோரத்தை மட்டும் ஆராய்ந்து விடை காண இயலாது என்பதை உணர்ந்த ஸ்வீடன் ரசாயன அறிஞர் ஆட்டோ பெட்டர்ஸன் முதலியோரின் முயற்சியால், 1899-இல் ஸ்டாக்ஹோமிலும் 1901-இல் நார்வேயின் கிறிஸ்டியானியாவிலும் மகாநாடுகள் கூடி, அவற்றின் பயனாக 1902 ஜூலையில் கோபன்ஹேகனில் இச்சபை தோன்றிற்று. பிரிட்டன், ஜெர்மனி, ரஷ்யா உள்ளிட்ட எட்டு நாடுகள் ஆதி அங்கத்தினர். ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த பின்லாந்தும் அவற்றுள் தனித்து இடம்பெற்றிருந்தது.

இச்சபையின் ஆராய்ச்சி அரசாட்சிக்குப் பயன்படும் வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் நார்வேயின் யோஹான் யோர்ட். ஹெர்ரிங் மீனின் செதிலில் ஆண்டுதோறும் படியும் வளையங்களைக் கொண்டு வயதைக் கணித்த அவர், 1904-இல் பிறந்த ஒரு தலைமுறையே பின்வந்த பல ஆண்டுகளின் பிடிப்பில் மேலோங்கி நின்றதைக் கண்டு, மீன்வளத்தின் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் மீன்கள் வேறிடம் பெயர்வதன்று, குஞ்சுகள் பிழைக்கும் அளவு ஆண்டுக்காண்டு மாறுவதே என்று 1914-இல் வெளியான தம் நூலில் வாதித்தார். வயது தெரிந்தால் வரவிருப்பதையும் ஒருவாறு கணிக்கலாமாதலால், அரசாங்கங்கள் பிற்காலத்தில் சபையின் சொல்லுக்குச் செவிசாய்க்க இதுவே ஹேதுவாயிற்று எனலாம்.

இரு மகாயுத்தங்களின்போதும் வட கடலில் மீன்பிடி பெரிதும் ஒடுங்கிவிட, யுத்தம் ஓய்ந்தபின் பிளேஸ் முதலிய தட்டைமீன்கள் பருத்தும் மலிந்தும் காணப்பட்டமை, மிகைப்பிடிப்பே வளத்தைக் குறைத்தது என்பதற்கு எந்த விஞ்ஞானியும் விரும்பி நடத்தியிருக்க முடியாத ஒரு பரீட்சையாக அமைந்தது. 1946-இல் லண்டனில் வலைக்கண்ணின் அளவை வரையறுக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அதன் அந்தஸ்தை உறுதிசெய்த பின்னரும் சபை ஆலோசனை கூறும் ஸ்தாபனமேயன்றிக் கட்டளையிடும் ஸ்தாபனம் அன்று. இன்று இருபதாகியுள்ள அங்கத்தினர் நாடுகளின் கணக்குகளை விஞ்ஞானிகளின் குழுக்கள் ஒருங்கு வைத்து ஆராய்ந்து, இன்ன மீனை வரும் ஆண்டில் இத்தனை டன்னுக்கு மேல் பிடித்தலாகாது என்று உரைக்கும். வரம்பை விதிப்பதோ அரசாங்கங்களின் பொறுப்பு. இதைக் குறையென்பாரும் உண்டு. ஆயினும் அதிகாரம் இன்மையே பனிப்போர்க் காலத்தில் சோவியத் விஞ்ஞானிகளும் மேலைநாட்டாரும் ஒருங்கே கூடிக் கணக்கிட இடமளித்தது என்று கருதத் தோன்றுகிறது. 2022-இல் உக்ரைன் யுத்தத்தை முன்னிட்டு ரஷ்யாவின் பங்கேற்பு நிறுத்திவைக்கப்பட்டது.

ஆலோசனையளவில் நிற்கும் இம்முறையின் விளைவு மீனுக்கு மீன் வேறுபட்டது. வட கடல் ஹெர்ரிங், பிடிப்பையே 1977-இல் தடுக்கவேண்டிய அளவுக்கு க்ஷீணித்து, தடையின் பின் மெல்ல மீண்டது. அட்லாண்டிக் கானாங்கெளுத்தி விஷயத்திலோ, நார்வே, ஐஸ்லாந்து, பரோத் தீவுகள், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் முதலியவை சபை கூறும் மொத்த அளவை மறுக்காமலே, அதில் தத்தம் பங்கு எவ்வளவு என்பதில் இணங்காது தனித்தனியே வரம்பு வகுத்துக்கொண்டமையால், பல ஆண்டுகளாகவே அப்பங்குகளின் கூட்டுத்தொகை ஆலோசனையை விஞ்சி வந்திருக்கிறது.