சேலத்து வக்கீல் டெல்லிக்குப் போன கதை

சேலம்னா மாம்பழம், மாடர்ன் தியேட்டர்ஸ். அரசியல் பக்கம் வந்தா ராஜாஜி. அதோட நம்ம ஞாபகம் தீர்ந்துடும். ஆனா ராஜாஜி அங்கே வக்கீல் தொழில் ஆரம்பிக்கும்போதே அந்த ஊரில் ஒரு பெரிய வக்கீல் இருந்தார். சி. விஜயராகவாச்சாரியார். காங்கிரசுக்கு அகில இந்தியத் தலைவராகவே இருந்தவர். பேரைச் சொன்னா "யாருங்க அது?" என்கிறவங்கதான் இன்னைக்கு அதிகம்.

1852ல் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். 1875ல் பிரசிடென்சி காலேஜில் பட்டம், அப்புறம் மங்களூர், சேலம் என்று வாத்தியார் வேலை. வாத்தியாரா இருந்துக்கிட்டே, சட்ட வகுப்புக்குப் போகாம சொந்தமாப் படிச்சு பாஸ் பண்ணி, 1881ல் வக்கீலானார். 1882ல் முனிசிபல் கவுன்சில் மெம்பர். எல்லாம் வேகமாத்தான் போய்க்கிட்டிருந்தது.

அதே 1882ல்தான் சேலம் கலவரம். செவ்வாய்ப்பேட்டையில் ஊர்வலம் போகும் பாதை, மசூதி என்று ஆரம்பித்த தகராறு ரத்தக்களறியில் முடிந்தது. தூண்டிவிட்டவர் என்று இவர் மேல் கேஸ். கீழ்க்கோர்ட்டில் பத்து வருஷம் தண்டனை! வக்கீலாகி முழுசா ரெண்டு வருஷம் ஆகலை, ஆள் குற்றவாளிக் கூண்டில். ஹைகோர்ட்டுக்குப் போய் விடுதலையானார்.

வேற யாரா இருந்தாலும் "தப்பிச்சோம்டா சாமி"ன்னு வீட்டுக்குப் போயிருப்பாங்க. இவர் போகலை. பொய்ச் சாட்சி சொன்னவங்க மேல் திரும்ப நடவடிக்கை எடுத்தார். இதே கேசில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவங்களை விடுவிக்க வைசிராய் ரிப்பன் வரைக்கும் முறையிட்டார். தன்னை கவுன்சிலில் இருந்து நீக்கினது செல்லாதுன்னு, இந்தியாவுக்கான ஸ்டேட் செக்ரட்டரி மேலேயே வழக்கு போட்டார். அதாவது சாட்சாத் சர்க்கார் மேலேயே! 1884ல் மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு இவர் பக்கம். நஷ்ட ஈடு நூறு ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். தொகை கிடக்கட்டும், ஒரு முனிசிபல் மெம்பரை நினைச்சபடி தூக்கி எறிய முடியாதுன்னு ஒரு சின்ன ஊர் வக்கீல் அந்தக் காலத்து சர்க்காருக்குச் சொல்லியிருக்கார் பாருங்க, எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அப்புறம் கிடுகிடுன்னு மேலே போனார். 1885ல் முதல் காங்கிரஸ், 1887ல் காங்கிரசுக்கு விதிமுறை எழுதும் குழு, 1895லிருந்து 1901 வரை மெட்ராஸ் சட்டசபை. 1913ல் இம்பீரியல் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில், அந்தக் காலத்துப் பார்லிமெண்ட். ஆனா இன்னைக்கு மாதிரி ஊர் ஊரா ஓட்டு கேட்டுப் போனதில்லை. 1909 சட்டப்படி மாகாண சபையின் அதிகாரி அல்லாத உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டு அனுப்புவாங்க. மெட்ராசுக்கு அந்த வகையில் ரெண்டே இடம். அங்கே போனாலும் அதிகாரிகள் கைதான் ஓங்கியிருக்கும். பேசலாம், கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், சர்க்காரைத் தோற்கடிக்க மட்டும் முடியாது. கோகலே, மாளவியா, சுரேந்திரநாத் பானர்ஜி கூட உட்கார்ந்து 1916 வரை மனுஷன் பேசிக்கிட்டிருந்தார்.

1920 டிசம்பர் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைவர். அந்த மாநாட்டில்தான் ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியாச்சு. தலைவருக்கோ அந்தத் திட்டத்தில் முழு உடன்பாடு கிடையாது! சட்டப் புஸ்தகத்தை வெச்சே சர்க்காரை மடக்கின ஆளுக்கு, கோர்ட்டைப் பகிஷ்கரின்னா எப்படி இனிக்கும்?

ஒண்ணை மறைக்கக் கூடாது. 1931ல் அகோலாவில் நடந்த இந்து மகாசபை மாநாட்டுக்கும் இவர்தான் தலைவர். கலவர வழக்கில் அநியாயமா சிக்கின ஒருத்தர் கடைசியில் அங்கே போய் நின்னது எனக்கு நெருடல்தான். அதே மனுஷன்தான் பெண்களுக்குப் பருவம் வந்தபின் கல்யாணம், மகளுக்கும் சொத்தில் பங்கு என்றெல்லாம் பேசியிருக்கார். ஒரே டப்பாவில் அடைக்க முடியாத ஆள்.

1944ல் காலமானார். சேலத்தில் அவர் பேரில் நினைவு நூலகம் இருக்கு. அந்தப் பக்கம் போறவங்க ஒரு எட்டு உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து எழுதுங்களேன்.