அவலாஞ்சித் தொட்டிகளில் அடங்கிய சண்டை

நீலகிரியின் மேல்தளத்து ஓடைகளில் பெரிய மீன்கள் இயல்பாக இருந்ததில்லை. சமவெளி மீன்கள் ஏறிவர முடியாதபடி அருவிகள் வழியை மறித்தன. மேலே இருந்தவை சிறு மீன்களே. தூண்டில் போட்டுப் பழகிய ஆங்கிலேயருக்கு இது பெருங்குறையாகப் பட்டது. மீனியல் அறிஞரும் சென்னைப் படையின் மருத்துவருமான பிரான்சிஸ் டே 1863இல் பழுப்பு ட்ரவுட் மீனை இங்கே கொண்டுவர முயன்றார். அது பலிக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் டென்ச் என்ற ஐரோப்பிய மீன் ஊட்டி ஏரியில் நிலைத்தது. ட்ரவுட் பிடிகொடுக்காமலே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான் வழி பிறந்தது. மீன்வளர்ப்பு வல்லுநர் ஹென்றி சார்ல்டன் வில்சன் பழுப்பு ட்ரவுட்டை விட்டுவிட்டு, சற்று வெதுவெதுப்பான நீரையும் தாங்கும் வானவில் ட்ரவுட்டைத் தேர்ந்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. கருக்கண் தெரியும் பருவத்து முட்டைகளே தொலைதூரப் பயணத்தைத் தாங்கும் என்ற அறிவு அந்நாளில் பயன்பட்டது.

முட்டை பொரிவது தொல்லையின் முடிவல்ல, தொடக்கம். 10 டிகிரி செல்சியஸ் நீரில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை பொரியும். மஞ்சட்கருப் பையிலுள்ள உணவு தீர்ந்து குஞ்சு இரை தேடத் தொடங்கியதும், முதலில் தின்று கொழுத்தது நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். விரட்டப்பட்டவை நிறம் கறுத்து ஓரத்தில் ஒதுங்கும். அவற்றின் துடுப்புகள் கடிபட்டுத் தேயும். இரைக்கு வராமல் அவை மேலும் இளைக்க, அளவு வேறுபாடு இன்னும் பெருகும். இறுதியில் பெரியது சிறியதை விழுங்கும்.

இதற்கு ட்ரவுட் பண்ணைகள் கண்ட முதல் மருந்து தரம் பிரிப்பது. அளவு ஒத்த குஞ்சுகளை ஒரே தொட்டியில் விடுவார்கள். சில வாரங்களில் மீண்டும் பிரிப்பார்கள். குளிர்நீரில் வலையோடு நின்று செய்யும் வேலை இது. மீனை மலைக்குக் கொண்டுவந்தவர்களின் பெயர்களை வரலாறு பேசுகிறது. ஆனால் குஞ்சுகள் பிழைத்தது இந்தக் கைவேலையால்தான். இரையைத் தொட்டி முழுவதும் பரவலாகத் தூவுவதும் அதே நோக்கத்தோடுதான்: ஒரு மூலையில் கொட்டினால் வலுத்த மீனே அதைக் காத்துக்கொள்ளும். நீரை மிதமான விசையில் ஓடவிட்டால் மீன்கள் எதிர்நீச்சலில் ஒரே திசைக்குத் திரும்பி நிற்கும், விரட்டல் குறையும். மீன்களை ஓரளவு நெருக்கமாக விடுவதும் பயன்தரும். இடம் தாராளமாக இருந்தால் ஒவ்வொன்றும் எல்லை வகுக்கும். கூட்டத்தில் எந்த மீனாலும் எல்லையைக் காக்க முடியாது. ஆனால் நெருக்கம் மிஞ்சினால் நீரில் உயிர்வளி குறைந்துவிடும். இனப்பெருக்கப் போட்டிக்கோ தொட்டிக்குள் பெரிதாக இடமில்லை. சினை மீனின் வயிற்றை அழுத்தி முட்டையை எடுத்து, கையாலேயே ஆண் மீனின் விந்தோடு கலந்துவிடுகிறார்கள்.

சிக்லிட் குடும்பத்து மீன்களை வளர்ப்போர் எதிர்கொள்வதும் இதே சண்டைச் சிக்கல்தான், காரணம் மட்டும் வேறு. தமிழ்நாட்டின் சொந்த சிக்லிட்களான சேத்தக்கெண்டையும் பள்ளத்தியும் முட்டையையும் குஞ்சையும் இணையாகக் காக்கும். 1952இல் இலங்கையிலிருந்து மண்டபம் என்ற ஊருக்கு வந்த ஜிலேபிக் கெண்டையில் ஆண் மீன் தரையில் குழி பறித்து அதைக் காக்கும். பெண் மீன் முட்டையை வாயில் அடைகாக்கும். அவற்றின் சண்டை பெரும்பாலும் இரைக்காக அல்ல, இனப்பெருக்கத்துக்கான இடத்துக்காக. ஆகவே தரம் பிரித்தால் மட்டும் போதாது. ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி கற்களையும் மண்சட்டிகளையும் இடையில் வைக்கிறார்கள். புது மீனை விடும்போது கற்களை இடம் மாற்றி, பழைய எல்லைகளைக் கலைக்கிறார்கள். மலாவி ஏரியின் பாறை சிக்லிட்களை வேண்டுமென்றே நெருக்கமாக வளர்ப்பதன் காரணம் ட்ரவுட் தொட்டிக்குச் சொன்னதுதான்.

வெப்ப நாட்டு மீன்களான சிக்லிட்களுக்கு ஊட்டியின் குளிர்கால நீர் ஒவ்வாது. 10 டிகிரியை ஒட்டிய குளிரில் ஜிலேபிக் கெண்டை மடியத் தொடங்கும். குன்னூரிலும் ஊட்டியிலும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அவற்றை வளர்க்க ஹீட்டர் வேண்டும். ட்ரவுட்டுக்கோ அந்த வெதுவெதுப்பே ஆபத்து. நீர் 25 டிகிரியை எட்டினால் அது தாங்காது.