தூரத்தில் தெரிவது குற்றியா, மனிதனா?

வகுப்பு முடியும் நேரத்தில் பின்வரிசை மாணவி எழுந்து, “ஐயா, ஒரு சந்தேகம்” என்றாள். அவளுக்கு வேண்டியது ஒரு விளக்கம். அன்று மாலைச் செய்தித்தாளில், “சந்தேகத்தின் பேரில்” ஓர் இளைஞரைப் பிடித்து விசாரித்த செய்தி. ஒரே சொல், வகுப்பறையில் அறிவுப் பசி, தெருவில் பழி. இரண்டில் எது மூத்த பொருள்? அந்தக் கேள்வியோடு நூலக மேசையில் உட்கார்ந்தேன்.

முதலில் சொற்களைப் பிரித்து வைத்தேன். ‘சந்தேகம்’ வடசொல்; ஒன்றன்மேல் ஒன்று பூசிக் குழம்பியது என்பது அதன் வேர்ப்பொருள். ‘அவநம்பிக்கை’ தமிழ்ச் சொல்லுக்கு வடமொழி முன்னொட்டைப் பூட்டிய கலப்பு. பழந்தமிழ்த் தடம் வேண்டுமென்றால் ‘ஐயம்’ என்ற சொல்லைத்தான் பின்தொடர வேண்டும்.

அது தொல்காப்பியத்துக்கு இட்டுச் சென்றது. ‘கொல்’ என்ற இடைச்சொல் ஐயத்தைக் குறிக்கும் என்று இரண்டே சொல்லில் ஒரு நூற்பா. அதே நூலின் கிளவியாக்கம் என்ற இயலில் இன்னொரு தடயம். தொலைவில் ஓர் உரு தெரிகிறது. உயர்திணையா அஃறிணையா என்று தெரியவில்லை. அப்போது எப்படிப் பேசுவது? உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு: அது குற்றியா, மகனா? குற்றி என்றால் நட்டு வைத்த மரக்கட்டை. மகன் என்றால் ஆள். காதலைப் பேசும் களவியல் என்ற இயலிலும் ஐயம் வருகிறது. எதிரே நிற்பவள் தெய்வமகளா, மானிடப் பெண்ணா என்று திகைக்கும் தலைவன், சூடிய பூவில் வண்டு மொய்க்கிறதா, கண் இமைக்கிறதா, அச்சம் தெரிகிறதா என்று அடையாளங்களைப் பார்த்துத் தெளிகிறான். இங்கெல்லாம் ஐயத்தில் பழி இல்லை. உற்றுப் பார்க்கும் முனைப்பு இருக்கிறது.

அந்த மரக்கட்டையை மீண்டும் கண்டது மணிமேகலையில். உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த அந்தக் காப்பியத்தின் 27ஆம் காதை, அறிவு பிழைபடும் வழிகளாக எட்டைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று ஐயம்: தறியோ (நட்ட கட்டையோ) மகனோ என்று முடிவுக்கு வராமல் மயங்குவது. அடுத்தது ‘தேராது தெளிதல்’: ஆராயாமலே அந்தத் தறியை மனிதன் என்று முடிவுகட்டிவிடுவது. இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. அதே கட்டை, அதே தொலைவு. ஒருவன் தயங்குகிறான், மற்றவன் உறுதியாக நம்பித் தவறுகிறான். தயக்கத்தைப் போலவே அவசர உறுதியும் குற்றப் பட்டியலில் இருக்கிறது.

‘தேர்’, ‘தெளி’ என்ற அந்த இரண்டு வினைகளையும் பிடித்துக்கொண்டு திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குப் போனேன். தலைப்பே ‘தெரிந்து தெளிதல்’. ஆளை ஆராய்ந்து நம்புவது பற்றிய அதிகாரம் அது. அங்கே தெளிதல் என்றாலே நம்புதல்தான். ஆராயாமல் ஒருவனை நம்புவதும், நம்பியபின் அவனை ஐயுறுவதும் தீராத துன்பம் என்று அதன் கடைசிக் குறள் முடிக்கிறது.

அப்படியானால் ‘நம்பு’ எங்கே இருந்தது? விடை தொல்காப்பிய உரியியலில் கிடைத்தது. நம்பு என்ற சொல்லுக்கு அந்த நூற்பா தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். இன்று நாம் நம்பிக்கை என்று சொல்வதன் பழைய பொருள் ஆசை. விரும்பியதை உண்மையென்று பிடித்துக்கொள்ளும் நம் பழக்கத்தை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. ஆராய்ந்து பெறும் உறுதிக்குப் பழந்தமிழ் வைத்திருந்த சொற்கள் வேறு: தெளிவு, தேற்றம்.

‘தேறு’ என்ற வினை இன்னும் நம் வாயில் இருக்கிறது. நோயாளி தேறுகிறார், மாணவர் தேர்வில் தேறுகிறார். ஊர்ப்புறத்தில் கலங்கல் தண்ணீர் வந்தால், குடத்தின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை இழைத்துவிட்டு நீரை ஊற்றி வைப்பார்கள். சேறு அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்த நீரை ஊற்றிக்கொள்ளக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த விடை அந்தக் குடத்தில் இருக்கிறது. ஐயத்துக்கு எதிர்ச்சொல் நம்பிக்கை என்று இத்தனை நாள் சொல்லி வந்தேன். பழந்தமிழில் அதன் எதிர்ச்சொல் தெளிவு. அந்த மாணவியிடம் மறுநாள் சொன்னேன்: “கேள் அம்மா. கலங்கியிருப்பது தெரிந்தால்தான் தெளிய வைக்க முடியும்.”