திருச்சிச் சீமையும் தமிழ் நாவலின் வாசகர்களும்

தமிழில் நாவல் எழுத வந்த முதல் தலைமுறைக்கு வாசகர் கூட்டம் ஆயத்தமாக இருக்கவில்லை. புராணப் பிரசங்கமும் கதாகாலட்சேபமும் கேட்டுப் பழகியவர்கள் ஏராளம்; உரைநடைக் கதையைத் தனியே உட்கார்ந்து படிப்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கூட்டத்தை உண்டாக்கும் வேலையும் நாவலாசிரியர்கள் தலையில்தான் விழுந்தது. அதில் திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக்குத் தொடக்கம் முதலே பங்கு உண்டு.

1879-ல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826-ல் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் வேலை பார்த்து, பின்னர் முன்சீப் ஆனவர். நாவல் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1859-ல், அவருடைய 'நீதிநூல்' வந்துவிட்டது. பெண்கல்வி பற்றி எழுதினார். தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளை இயற்றினார். ஆகவே நாவல் வெளிவந்தபோது அவர் பெயர் ஊரறிந்த பெயர். நாவலுக்குள்ளும் கிளைக்கதைகளையும் வேடிக்கைகளையும் நீதிகளையும் தாராளமாகச் சேர்த்தார். கதைக்கட்டு தளர்ந்திருக்கிறது என்று பின்னாளில் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் கதை கேட்டே வளர்ந்த ஒரு சமூகத்தைப் புத்தகத்துக்குள் அழைத்து வந்தது அந்தத் தளர்ச்சிதான்.

திருச்சி மாவட்டத்து மணக்கால் ஊர்க்காரரான பண்டித நடேச சாஸ்திரி வேறொரு வாசலைத் திறந்தார். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டியவர், துப்பறியும் கதையையும் தமிழுக்குக் கொண்டு வந்தார். முடிச்சு அவிழும்வரை புத்தகத்தைக் கீழே வைக்கவிடாத அந்த வகையை ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் பெருக்கினார்கள்.

உண்மையான திருப்பம் மாத இதழ்களால் வந்தது. பி. ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. 1925-ல் வை. மு. கோதைநாயகி 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, தம் நாவல்களை அதிலேயே வெளியிட்டார். எழுதிய நாவல்கள் 115. எழுத்தாளரே பத்திரிகையையும் கையில் வைத்திருந்தால் வாசகரை இழக்க வேண்டியதில்லை என்பதை அவர் காட்டினார். வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத பெண்கள் பலரிடம் நாவல் போய்ச் சேர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இலக்கிய வரலாறுகள் அவருக்குத் தரும் இடம் போதாது.

இந்த வழியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கல்கி. திருச்சி தேசியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார்; பின்னர் சிறை சென்றார். நாவலாசிரியராக அறியப்படும் முன்பே 'நவசக்தி'யிலும் 'ஆனந்த விகட'னிலும் கட்டுரை, நகைச்சுவை, இசை விமர்சனம் எல்லாம் எழுதி வாசகரோடு உறவு கொண்டுவிட்டார். 1937-ல் விகடனில் 'கள்வனின் காதலி' தொடங்கியபோது, படிக்கப் போகிறவர்கள் ஏற்கெனவே அவருடைய வாசகர்கள். 1941-ல் நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். 1950 முதல் 1954 வரை அதில் ஓடிய 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் படம் வரைந்தார். வாராவாரம் பக்கங்களைக் கிழித்து எடுத்து, பைண்டு செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் வீடுகளில் பரவியது. அடுத்த இதழுக்காகக் காத்திருக்கும் ஏழு நாளும் கதையைப் பற்றிய பேச்சு நடந்தது. காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம் அது.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிய வேண்டியிருந்தது. தொடர்கதைக்கென்று ஒரு நடையும் படிந்துவிட்டது.

நகரத்துப் புத்தகக் கடைகளுக்கு எட்டாத ஊர்களில் பத்திரிகையின் அருமை இன்னும் கூடுதலாக இருந்தது. திருச்சிக்குத் தெற்கே, ரயில்பாதையை விட்டு விலகியிருக்கும் மருங்காபுரி போன்ற ஊர்களுக்கு அன்று தபாலும் சாலையும்தான் வழி. ஒரே இதழ் பல வீடுகளுக்குக் கைமாறுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாதாரணமாக இருந்தது. 1948-ல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலக வரியின் துணையோடு கிளை நூலகங்கள் பெருக வழிசெய்தது. பத்திரிகை வாங்க முடியாதவர்களாலும் படிக்க முடிந்தது.

புது எழுத்தாளருக்கு முதல் மேடையாக அமைந்தவை சிற்றிதழ்கள். கு. ப. ராஜகோபாலன் ஆசிரியராயிருந்த 'கிராம ஊழியன்' துறையூரிலிருந்து வந்தது. திருலோக சீதாராம் திருச்சியில் நடத்திய 'சிவாஜி'யில்தான் 1953-ல் ஸ்ரீரங்கத்து இளைஞர் ரங்கராஜனின் முதல் கதை அச்சேறியது. அவர் பின்னாளில் மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக்கிக்கொண்டார். முதல் கதைக்கும் 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடருக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். பிறகு விஞ்ஞானக் கேள்வி பதில், பத்தி எழுத்து, ஸ்ரீரங்கத்துக் கதைகள் எனப் பல பக்கங்களில் ஒரே வாசகரைச் சந்தித்துக்கொண்டே இருந்தார். ஒரு தொடர் எதிர்ப்பினால் நிறுத்தப்பட்டபோதும் அது 'ரத்தம் ஒரே நிறம்' என்ற புதுப் பெயரில் மீண்டும் எழுதப்பட்டு வாசகரிடம் வந்து சேர்ந்தது.

வேதநாயகம் பிள்ளைக்கு இருபது ஆண்டுகள், சுஜாதாவுக்குப் பதினைந்து. நாவல் எழுத வருகிறவர்கள் முதல் புத்தகம் விற்கவில்லை என்று சோர்ந்துபோகும் முன் இந்த இரண்டு கணக்குகளையும் பார்க்க வேண்டும்.