வுட்ஹெட் சுரங்கமும் முதலாளியின் பொறுப்பும்

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே குறுக்கிட்டு நிற்கும் பென்னைன் மலைத்தொடரை வுட்ஹெட் என்னும் இடத்தில் மூன்று மைல் தூரத்துக்குக் குடைந்து அமைத்த ரயில் சுரங்கம், 1845-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டபோது, பிரிட்டனிலேயே மிக நீண்ட ரயில் சுரங்கம் என்ற கீர்த்தியைப் பெற்றது. காற்றும் பனியும் ஓயாத அந்த மேட்டுநிலத்தில், சாந்து பூசாமல் கல்லை அடுக்கித் தாங்களே எழுப்பிக்கொண்ட குடிசைகளில் வசித்தபடி ஏறத்தாழ ஆறு வருஷ காலம் அந்தப் பாறையை வெட்டியவர்கள் சுமார் ஆயிரம் கூலியாட்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்த்த ஹென்றி பாம்ஃப்ரெட் என்பவர் கொடுத்த கணக்கின்படி, மாண்டவர் 32 பேர். எலும்பு முறிந்தவர் ஏறக்குறைய நூறு பேர். தீக்காயமும் வெடிக்காயமும் பிற பலத்த அடிகளும் பட்டவர் 140 பேர். சுகாதாரச் சீர்திருத்தத்தில் பெயர் பெற்ற எட்வின் சாட்விக் இந்த எண்களைக் கையிலெடுத்து, நூற்றுக்கு மூன்று பேர் என்ற இந்த விகிதம், வாட்டர்லூ முதலிய பெரும் போர்களில் சாதாரணச் சிப்பாய்கள் மாண்ட விகிதத்தைக் காட்டிலும் அதிகம் என்று எடுத்துக் காட்டினார்.

இந்த மரணங்கள் விதியால் நேர்ந்தவை அல்ல. பாறையில் துளையிட்டு, அதில் வெடிமருந்தை நிரப்பி, மேலே களிமண்ணை வைத்துக் கம்பியால் இடித்து இறுக்குவது அக்காலத்து வழக்கம். அந்தக் கம்பி இரும்பாக இருந்தால் கல்லில் உரசிப் பொறி பறக்கும். மருந்து அகாலத்தில் வெடித்து, இடிப்பவனின் முகத்திலேயே பாயும். செம்புக் கம்பிக்கு இந்த அபாயம் இல்லை. ஆனால் அது மென்மையானது, விலை கூடியது. நிதானமாக எரிந்து, பற்ற வைத்தவன் விலகிப் போக அவகாசம் கொடுக்கும் பாதுகாப்புத் திரியும் 1831-லேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வேலையை மேற்பார்த்த உதவி எஞ்சினீயரான பர்டன், பின்னர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்ல நின்றபோது, அபாயம் குறைந்த முறை இருப்பதை மறுக்கவில்லை. அதனால் உண்டாகும் காலதாமதத்தை, அதிகப்படியாகக் காப்பாற்றப்படும் அத்தனை உயிர்களுக்காகவும்கூடத் தாம் சிபாரிசு செய்யப் போவதில்லை என்றே கூறினார். அவர் கொடியவர் என்று நான் கருதவில்லை. தாமதத்துக்கு விலை உண்டு, மரணத்துக்கு விலை இல்லை என்ற ஏற்பாட்டுக்குள் வேலை செய்த ஒருவர், அந்த ஏற்பாடு கற்பித்த விடையையே ஒளிக்காமல் சொன்னார்.

அந்த ஏற்பாட்டை உறுதி செய்து கொடுத்தது நீதிமன்றம். லிங்கன்ஷையரில் பௌலர் என்ற கசாப்புக் கடைக்காரரிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி என்னும் இளைஞன், பாரம் மிஞ்சிய வண்டி முறிந்து விழுந்ததில் தொடை எலும்பு ஒடிந்து வழக்காட, ஜூரிகள் அவனுக்கு 100 பவுன் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். 1837-இல் நீதிபதி லார்ட் அபிங்கர் அந்தத் தீர்ப்பைத் தள்ளினார். இதற்கு இடங்கொடுத்தால், வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்துவிட்டாள் என்று ஊழியன்கூட எஜமானன்மேல் வழக்குத் தொடுப்பான் என்பது அவருடைய வாதம். வீட்டு ஊழியத்தை மனத்தில் வைத்துப் பிறந்த இந்த நியாயம், 1850-ஆம் ஆண்டுக்குள் ரயில் கம்பெனிகளுக்கும் பொருந்துவதாக நிலைநாட்டப்பட்டது. உடன் வேலை செய்பவனின் கவனக்குறைவால் ஊழியனுக்குத் தீங்கு நேர்ந்தால் எஜமானன் பொறுப்பாளி அல்லன். அபாயத்தை அறிந்தே அவன் கூலிக்கு வந்தான் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இறந்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம் என்று 1846-இல் வந்த சட்டமும், இந்தச் சுவரில் மோதி, கூலியாளின் விதவைக்குப் பெரும்பாலும் பயனின்றிப் போயிற்று.

சாட்விக் தர்மத்தை மட்டும் பேசியிருந்தால் அவர் குரல் அனுதாபத்தோடு அடங்கிப் போயிருக்கும். அவர் பேசியது கணக்கு. விபத்தைத் தடுக்கும் சக்தி யாரிடம் இருக்கிறதோ அவர் தலையில் விபத்தின் செலவைக் கட்டினால், தடுப்பதே மலிவு என்பதை அவரே கண்டுகொள்வார் என்பதுதான் அவர் கொள்கை. அதற்கு அத்தாட்சியும் கடலுக்கு அப்பால் இருந்தது. வுட்ஹெட் சுரங்கத்துக்கு எஞ்சினீயராக இருந்த ஜோசப் லாக்கே பாரிஸ்-ரூவான் ரயில் பாதையையும் அமைத்தார். ஆயிரக்கணக்கான ஆங்கிலக் கூலியாட்களே அங்கே போய் மண் வெட்டினார்கள். ஆனால் பிரெஞ்சு சிவில் சட்டம், ஊழியனுக்கு நேர்ந்த காயத்துக்குக் காண்டிராக்டரை விடை சொல்ல வைத்தது. எட்வர்ட் பூவரி தலைமையில் 1846-இல் கூடிய நாடாளுமன்றக் குழு இவற்றையெல்லாம் விசாரித்து, ரயில் வேலையில் நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் கம்பெனிகளே பொறுப்பேற்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அந்த அறிக்கையைச் சபை விவாதத்துக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மறுவருஷமே அதே வுட்ஹெட்டில், பழைய சட்டத்தின் கீழேயே, பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கம் தொடங்கியது.

1880-ஆம் ஆண்டின் முதலாளி பொறுப்புச் சட்டம் ஓரளவு கதவைத் திறந்தது. ஆயினும் தொழிலாளி தன் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று 1882-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டதால், கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்ற நிலை வந்தது. ஜோசப் சேம்பர்லேனின் முயற்சியால் 1897-இல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமே உண்மையான திருப்பம். முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டிருந்தால் போதும். கட்டட வேலைக்கு மட்டும் அச்சட்டம் ஒரு விசித்திர எல்லையை வகுத்தது: சாரம் கட்டி எழுப்பப்படும் கட்டடம் 30 அடிக்கு மேற்பட்ட உயரமுடையதாக இருக்கவேண்டும். அதைவிடத் தாழ்ந்த வீட்டின் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்ட கொத்தனார், நஷ்டஈட்டுக்கு உரியவரா என்பதை அளவுகோலைக் கொண்டு தீர்மானித்தார்கள். 1906-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்த அநியாயத்தை நீக்கியது.

இந்தியாவில் 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இந்த ஆங்கிலச் சட்டங்களின் வழிவந்ததே. நம் நாட்டுக் கட்டட வேலையில் முதலாளிக்கும் சித்தாளுக்கும் இடையே காண்டிராக்டர், துணைக் காண்டிராக்டர், மேஸ்திரி என்று பலர் நிற்பதால், யாரைக் கேட்பது என்றறியாமல் குடும்பங்கள் திகைப்பதை நாம் கண்டிருக்கிறோம். அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தன் தொழிலின் பகுதியான வேலையைக் காண்டிராக்டர் மூலம் செய்விக்கும் பிரதான முதலாளியையே நேராக நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாக்கியது. பணம் கொடுத்தபின் அவர் காண்டிராக்டரிடம் அதை வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. என் அபிப்பிராயத்தில் அச்சட்டத்தின் ஜீவநாடி அந்தப் பிரிவுதான். அபிங்கர் விதைத்த உடன் ஊழியர் நியாயத்தை, நஷ்டஈட்டு வழக்குகளில் முதலாளிகள் இனி எழுப்பக்கூடாது என்று இந்தியச் சட்டசபை 1938-இல் தடுத்தது. அது பிறந்த பிரிட்டனில் அதை ஒழிக்கும் சட்டம் 1948-இல், பூவரி குழு அறிக்கை கொடுத்து 102 ஆண்டுகள் கழிந்த பிறகு, நிறைவேறியது.