அடியில் படியாத காரீயம்

கிரபீன் எண்டதும் எங்களில பலருக்கு ஞாபகம் வாறது செலோரேப் கதைதான். 2004இல் மன்செஸ்ரரில் கெய்மும் நோவோசெலோவும் காரீயத்தில் ரேப்பை ஒட்டி, உரித்து, திரும்பத் திரும்ப உரித்து, ஒரேயொரு அணுத் தடிப்பான தாளை எடுத்துக் காட்டினார்கள். 2010இல் நோபல் பரிசு. சொல்லச் சுகமான கதை. ஆனால் மையாக அச்சடிக்கவோ பூச்சாகப் பூசவோ வேண்டுமென்றால் அந்தத் தாள்கள் தண்ணீரில் கோடிக்கணக்கில் பிரிந்தபடியே நிற்க வேண்டும். உரிக்கிறது பாதி வேலை. உரிச்சது திரும்ப ஒட்டாமல் பாக்கிறதுதான் மற்றப் பாதி. அந்த மற்றப் பாதியின் வரலாறு ரேப்பை விட ஒன்றரை நூற்றாண்டு பழையது.

1859இல் பெஞ்சமின் புரோடி என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர் காரீயத்தின் அணுநிறையைத் தேடிக்கொண்டிருந்தார். காரீயத்தைப் பொற்றாசியம் குளோரேற்றோடும் புகையும் நைத்திரிக்கமிலத்தோடும் சேர்த்துச் சூடாக்கினார். கழுவி, திரும்பவும் அதையே செய்தார். (தயவுசெய்து வீட்டில முயற்சிக்க வேண்டாம், வெடிக்கும்.) கிடைத்த பொருள் சுத்தமான தண்ணீரிலும் காரத்திலும் பரவி நின்றது, அமிலம் கலந்தால் நிற்கவில்லை. அதனால் அதற்குக் 'கிரபிக் அமிலம்' என்று பெயர் வைத்தார். இன்று நாங்கள் கிரபீன் ஒட்சைட்டு என்று சொல்வதன் தாய்ப்பொருள் அதுதான். அணுநிறை பற்றிய அவருடைய முடிவு பிழைத்துப்போனது. போகிற போக்கில் எழுதிவைத்த அந்தத் தண்ணீர்க் குறிப்புத்தான் எங்களுக்கு முக்கியம்.

ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது? அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1857இல், பரடே சிவப்பு நிறத் தங்கக் கூழுக்குள் கொஞ்சம் உப்புப் போட்டு அது நீலமாக மாறுவதைக் கண்டிருந்தார். துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியதன் அடையாளம் அது. முழு விளக்கம் வர இரண்டாம் உலகப்போர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. 1941இல் சோவியத்தில் டெரியாகினும் லண்டாவும், 1948இல் ஒல்லாந்தில் வெர்வேயும் ஓவர்பீக்கும், போர் நடுவில் நின்றதால் ஒருவரை ஒருவர் அறியாமலே, ஏறத்தாழ ஒரே கணக்கைப் போட்டார்கள். சாரம் இதுதான்: நெருங்கி வரும் துணிக்கைகளை வந்தர் வாலிசு விசை ஒட்டப் பார்க்கும், அவற்றின் மேலுள்ள ஒரே இன ஏற்றம் தள்ளிவைக்கப் பார்க்கும். தண்ணீரில் உப்புக் கூடினால் எதிர் அயன்கள் அந்த ஏற்றத்தைச் சுற்றி மறைத்துவிடும். தள்ளுகை தோற்கும். எல்லாம் கட்டிபட்டு அடியில போகும்.

தட்டையான தாளுக்கு இது இன்னும் மோசம். உருண்டைகள் ஒரு புள்ளியில்தான் தொடும். தாள்கள் முகத்தோடு முகம் முழுதாக ஒட்டும். ஒட்டினால் அது பழையபடி காரீயந்தான்.

1962இல் ஜேர்மனியில் போமின் குழு கிரபீன் ஒட்சைட்டை ஐதான காரத்தில் பரப்பி, ஒட்சிசனை அகற்றி, மிக மெல்லிய காபன் தாள்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தது. நோபல் கதையில் இதற்குக் கிடைக்கிற இடம் மிகக் குறைவு என்பது எங்கள் அபிப்பிராயம்.

2004க்குப் பிறகு எல்லாரும் இந்த வழிக்குத் திரும்பினார்கள். ஒட்சிசனை அகற்றினால் ஏற்றம் தரும் கூட்டங்களும் குறைந்து, தாள்கள் கறுப்புக் கட்டியாகிவிட்டன. 2006இல் அமெரிக்காவில் ரூஃபின் குழு ஒரு பொலிமரைச் சேர்த்துச் சமாளித்தது. 2008இல் அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங்கில் டான் லீ, கோர்டன் வொலஸ் ஆகியோரும் அவர்களுடைய கலிபோர்னியக் கூட்டாளிகளும் கண்டது இன்னும் எளிமையானது. விளிம்பில் காபொட்சிலிக் கூட்டங்கள் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்கின்றன. அமோனியா விட்டு pH பெறுமானத்தை 10 அளவுக்கு ஏற்றி, மிச்ச உப்புகளைக் கழுவினால், அவை எதிரேற்றம் பெற்றுத் தாள்களைத் தள்ளிவைக்கும். வேறெதுவும் சேர்க்கத் தேவையில்லை. புரோடியின் காரமும் பரடேயின் உப்பும் ஒரே குவளையில்!

டப்ளினில் கோல்மனின் குழு ஒட்சியேற்றாத காரீயத்தையே எடுத்துக்கொண்டது. 2009இல் சவர்க்காரத்தன்மையுள்ள பொருளைத் தண்ணீரில் கலந்து, கேளாவொலியால் குலுக்கி உரித்தார்கள். 2014இல் சமையலறை பிளெண்டரும் பாத்திரம் கழுவும் திரவமுமே அதற்குக் காணும் என்று காட்டினார்கள்.

சரி, இந்தத் தாள்கள் தொழிற்சாலையிலிருந்து நிலத்தடி நீருக்குள் போனால்? 2013இல் வெளியான ஓர் அளவீட்டின்படி கிரபீன் ஒட்சைட்டைக் கட்டிபட வைக்க சோடியம் குளோரைட்டு லீற்றருக்கு 44 மில்லிமோல் வேண்டும்; கல்சியம் குளோரைட்டு வெறும் 0.9 மில்லிமோல் காணும். அயனின் ஏற்றம் இரட்டிக்க, தேவையான அளவு ஏறக்குறைய ஐம்பதில் ஒன்றாகிறது. 0.9 மில்லிமோல் எண்டால் லீற்றருக்கு 36 மில்லிகிராம் கல்சியம். கேத்திலில வெள்ளையாப் படியிற யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணத்துத் தண்ணியில இதைவிடக் கூட இருக்கிற இடங்கள் தாராளம். அந்தத் தண்ணியில தாள்கள் தூரம் போகாது எண்டு எதிர்பார்க்கலாம். ஆனால் குளத்து நீரில் இலைதழை அழுகிய சேதனப் பொருள் தாள்களில் படிந்து, அவற்றைத் திரும்பவும் நிலைக்க வைக்கும்; அங்கே அவை மிதந்துகொண்டே கனதூரம் போகும். புகாலையிலும் ககட்டகாவிலும் கிண்டுகிற காரீயத்தை இஞ்சயே கிரபீனாக்குவோம் என்று பேசுகிறவர்களிடம், கழுவின தண்ணி எந்தப் பக்கம் ஓடப்போகுது எண்டதையும் நாங்கள் கேட்க வேண்டியிருக்கிறது.